பட்டையைக் கழட்டாமல் அளந்தவன்

ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் எனக்கு ஒரு சால்வையும் ஒரு டிஜிட்டல் மீட்டரும் கொடுத்தார்கள். சால்வையைப் புஷ்பம் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். மீட்டரை நான் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டு மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மாடி வீட்டுக்காரரின் இன்வர்ட்டர், எதிர் வீட்டு ஹெப்சி டீச்சரின் காலிங் பெல் என்று எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு, தெருவில் இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகளின் வயரிங் வேலையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன் நான். தலைக்கு மேலே இருபத்தைந்தாயிரம் வோல்ட் ஓடுகிற இடம். அப்பேர்ப்பட்ட ஏசுபாதம், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போட்ட ஒரு பழைய டீசல் வண்டியிடம் தோற்றுப்போனேன். தோற்றதோடு நின்றிருந்தால் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருப்பேன். போகிற போக்கில் ஒரு மனுஷனுடைய பெயரையும் கெடுத்துவிட்டேன். அதனால் முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் சபை வித்தியாசம் பார்க்காமல் எல்லாக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து நடத்துகிற அடக்க உதவிச் சங்கம் ஒன்று உண்டு. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு ஃப்ரீசர் பெட்டி, நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஓர் அமரர் ஊர்தி. ஊர்தி என்று சொன்னாலும் அது பத்தொன்பது வருஷப் பழைய டீசல் வேன்தான். வெள்ளை பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் வசனம் எழுதி, சர்ச் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் நிற்கும். செயலாளர் வேதசிரோமணி சார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நான் ரயில்வேயிலிருந்து வந்த மறு மாதமே என்னைக் கூப்பிட்டு, "உங்களை மாதிரி டெக்னிக்கல் ஆள் கமிட்டியில இல்ல" என்றார். சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் தொழில்நுட்ப ஆலோசகர் என்று ஒரு பதவியே கிடையாது. எனக்காக உண்டாக்கினார்கள். அதற்கு நான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே.

வண்டியை ஓட்டியவன் பிரிட்டோ. நாற்பது வயசிருக்கும். ஒன்பது வருஷமாக அதே வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். துக்க வீட்டில் ஓரமாக நிற்பான். பெட்டியைத் தூக்கும்போது மட்டும் எங்கே கை கொடுக்க வேண்டுமோ அங்கே சரியாக வந்து நிற்பான்.

நவம்பர் மழை நின்றதும் வண்டிக்குக் காலையில் ஒரு சங்கடம் ஆரம்பித்தது. சென்னைக் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இருபத்தோரு டிகிரிக்கே காதை மூடிக் குல்லாய் போடுகிற ஜனங்கள் நாங்கள். வண்டியும் எங்கள் ஊர் வண்டிதானே. ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், சுற்றும், பிடிக்காது. பின்னால் வெள்ளைப் புகையும் டீசல் நாற்றமும் மட்டும் வரும். கொஞ்ச நேரம் போராடினால் ஒரு சிலிண்டர் மட்டும் முனகும். பிறகு வண்டி மொத்தமும் மலேரியா வந்த மாதிரி நடுங்கி, ஒரு வழியாக ஓட ஆரம்பிக்கும். ஒரு தடவை ஓடிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பிரச்சினையே இல்லை.

"ஹீட்டர் பிளக் போயிருக்குண்ணா" என்றான் பிரிட்டோ. "மூணு வாட்டி ஹீட்டர் போட்டாத்தான் எடுக்குது. நாலையும் மாத்திட்டா பேஜாரே இல்ல."

டீசல் இன்ஜினில் நெருப்புப் பொறி கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரி ஆறிக் கிடக்கிற பழைய இன்ஜினுக்கு அந்தச் சூடு போதாது. அதனால் சிலிண்டருக்கு ஒன்றாகப் பென்சில் மாதிரி ஒரு கம்பி வைத்திருப்பார்கள். சாவியைப் பாதி திருப்பினால் அது சில நொடிகளில் பழுத்துச் சிவந்து உள்ளே சூடேற்றும். அதுதான் ஹீட்டர் பிளக். எங்கள் வண்டியில் நான்கு. நான்கின் தலையையும் சேர்த்து மேலே ஒரு பித்தளைப் பட்டை முடுக்கியிருக்கும். கரன்ட் அந்தப் பட்டைக்கு வந்து நான்குக்கும் பிரிந்து போகும்.

பிரிட்டோ சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆலோசகர் என்று ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறவன், டிரைவர் சொன்னதற்குத் தலையாட்டினால் என்ன மரியாதை? மீட்டரை எடுத்தேன். ஒரு முனையைப் பித்தளைப் பட்டையில் வைத்தேன், இன்னொன்றை இன்ஜின் பாடியில். பீப் என்றது.

"கேட்டியா? கரன்ட் உள்ள போயிட்டு வருது. பிளக் எல்லாம் நல்லா இருக்கு."

"நாலுமா அண்ணா?"

"நாலும்."

அவன் மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், துணியால் கையைத் துடைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் செய்த வைத்தியத்தை எல்லாம் சொன்னால் நேரமாகும். புது பேட்டரி போட்டோம். இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றியது, அதே மாதிரி பிடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டி கார்பன் பிரஷ் மாற்றினோம். டீசல் ஃபில்டரை மாற்றினோம். எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கமிட்டியாரைக் கூப்பிட்டு ஸ்டார்ட் செய்து காட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே சாவியில் எடுத்தது, எல்லாரும் கை கொடுத்தார்கள். நான் செய்து காட்டியது எல்லாமே மத்தியானம் மூன்று மணிக்கு, சிட்லபாக்கம் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டு வந்த பிறகு. மறுநாள் காலையில் பிரிட்டோ மட்டும் தனியாக அதோடு மல்லுக்கட்டுவான்.

டிசம்பர் முதல் வாரத்தில், ஓர் ஆஸ்பத்திரிக்கு ஏழு மணிக்குப் போக வேண்டிய வண்டி எட்டரைக்குப் போனது. புகார் வந்தது. கமிட்டி என்னிடம் அறிக்கை கேட்டது. மின்சாரம் சரியாக இருக்கிறது, மோட்டார் சரியாக இருக்கிறது, ஃபில்டர் புதுசு. மிச்சம் என்ன? டீசல். டீசல் போடுவது யார்? பிரிட்டோ. கணக்குப் பரீட்சையில் வழி தப்பாகப் போட்டு விடையைக் கண்டுபிடித்த பையன் மாதிரி எனக்கு ஒரே உற்சாகம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன்: "வாகனம் காலை வேளையில் இயங்க மறுப்பதற்கு மின்சாதனக் கோளாறு ஏதும் காரணமல்ல என்பது அளவீடுகள் வாயிலாக உறுதி செய்யப்பட்டது. எரிபொருளின் தரம் குறித்து ஓட்டுநரிடம் விளக்கம் கோரலாம்." கீழே ஸ்டாம்ப். அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதிவிட்டு, எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறோம் என்று புஷ்பத்திடம் படித்துக் காட்டினேன். அவள் மட்டும், "அந்தப் பையனையா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கூட்டத்தில் வேதசிரோமணி சார் அதை ஸ்கூல் பிரேயர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தார். எல்லாரும் பிரிட்டோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கதவுப் பக்கம் நின்றிருந்தான்.

"டீசல்ல கெரசின் கலந்தேன்றீங்களாண்ணா?"

"அப்படி நான் எழுதலையே பிரிட்டோ. விளக்கம் கேட்கலாம்னுதான்."

"விளக்கம் இன்னா குடுக்கறது. ஹீட்டர் பிளக்குனு மூணு வாரமா சொல்லிகினு கீறேன்." சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தான். "ஒன்பது வருஷம். எத்தினி பேரை ஏத்திகினு போயிருக்கேன். ஒருத்தரு வூட்டுலயும் கை நீட்டுனதில்ல."

போய்விட்டான். பிறகு நான், கூட்டத்தின் மௌனத்தை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, வேறு டிரைவர் கிடைக்கிற வரைக்கும் நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

அடுத்த ஆறு வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே. டீசல் போடுவதும் நான்தான், பில் வாங்குவதும் நான்தான். பிரிட்டோ போன பெட்ரோல் பங்கிலேயே போடக் கூடாது என்று பெருங்களத்தூர் வரைக்கும் போய் நிரப்பினேன். வண்டி அதே மாதிரி அடம் பிடித்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். டேங்கின் அடியில் பழைய டீசல் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மிச்சம் ஜனவரி வரைக்கும் தீரவேயில்லை. காலையில் நான் சாவியைத் திருப்பினால் சர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் எழுந்துவிடுவார்கள். வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்த்து, பத்து எண்ணுவதற்குள் எடுக்குமா எடுக்காதா என்று பந்தயம் கட்டியதாகக் கேள்வி. துக்க வீட்டில் கண்ணீரும் கம்பலையுமாக இருக்கிற மனுஷர்களிடம் போய், "ஒரு நாலு பேர் வந்து கை கொடுக்கறீங்களா, தள்ளணும்" என்று கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்கு தடவை கேட்டிருக்கிறேன்.

ஜனவரி மூன்றாவது வாரத்தில் இரும்புலியூர் எபி இறந்துபோனார். முழுப் பெயர் எபநேசர். அறுபத்திரண்டு வயசு. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சந்தில் முப்பது வருஷமாக டீசல் ஒர்க்‌ஷாப் நடத்தியவர். மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைச் சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடக்கம் மறுநாள் காலை பத்து மணிக்கு. இந்த இடத்தில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வண்டியைச் சர்ச்சுக்குத் திருப்பி எடுத்துப் போனால் காலையில் அங்கே தள்ள ஆள் இருக்காது. துக்க வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டால் எப்படியும் கூட்டம் இருக்கும். அப்படியே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

காலையில் போய்ப் பார்த்த பிறகுதான் அது எந்த மாதிரிக் கூட்டம் என்று புரிந்தது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் இருக்கிற டீசல் மெக்கானிக்குகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பதினைந்து இருபது பேர். எல்லாரும் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நகக்கண்ணில் மட்டும் போகாத கறுப்பு. என் வண்டியைச் சுற்றி மரியாதையாக நின்றிருந்தார்கள்.

ஜெபம் முடிந்தது. பெட்டியை ஏற்றினார்கள். எபியின் மனைவி ஷீலாவும் எபியின் தங்கையும் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆயர் அங்கியோடு முன்னால் போய் நின்றார். நான் சாவியைத் திருப்பினேன்.

சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இருபது மெக்கானிக்குகளும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துக்கம் நடக்கிற இடத்தில் எப்படிச் சொல்வது? ஆனால் அவர்களுடைய கைகள் சும்மா இல்லை. ஒருவர் வேட்டி நுனியை ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி திருகிக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது தடவை திருப்பினேன். என் முதுகில் வியர்வை ஓடியது. அன்று காலை தாம்பரத்திலேயே குளிராத ஆள் நான் ஒருவன்தான்.

"அண்ணா, நிறுத்துங்க." பின்னாலிருந்து ஷீலாவின் குரல். அழுது அழுது கம்மிப் போயிருந்தது. "ஸ்டார்ட்டர் சூடாயிடும்."

நிறுத்தினேன்.

"காலையில மட்டும்தான் இப்படியா?"

"ஆமாம்மா. சூடாயிட்டா நல்லா ஓடும்."

"ஹீட்டர் பிளக் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா. மீட்டர் வச்சுப் பாத்தேன். நாலும் நல்லா இருக்கு."

பிறகு அந்த அம்மாள், கணவனின் பெட்டி மேல் ஒரு கையை வைத்தபடியே கேட்டாள்: "பட்டையைக் கழட்டிட்டுப் பாத்தீங்களா, கழட்டாமயா?"

சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

நான்கு பிளக்கும் ஒரே பட்டையில் இணையாகச் சேர்ந்திருக்கின்றன. பட்டையைக் கழட்டாமல் அளந்தால், நான்கில் ஒன்று உயிரோடு இருந்தாலும் மீட்டர் பீப் என்று சொல்லும். மற்ற மூன்றும் செத்திருந்தாலும் சொல்லும். இணையாக இருப்பதைப் பிரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இது பெரிய படிப்பெல்லாம் இல்லை. பணிமனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். சொல்லிக்கொடுத்தவன் நான். பதினோரு வருஷம். கரும்பலகையில் படம் போட்டு.

"கழட்டலம்மா" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி இருபது பேரும் பாய்ந்தார்கள். நான் இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி எடுத்தது. வெள்ளைப் புகை தெருவையே மூடியது. இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. புகை விலகியபோது ஆயர் பக்கத்து வீட்டுப் படியில் ஏறி நின்றிருந்தார்.

"அவர் இருந்தா தள்ள விட்டிருக்க மாட்டார்" என்றாள் ஷீலா, நாத்தனாரிடம். அவள் சிரித்தாளா அழுதாளா என்று திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கல்லறைத் தோட்டம் வரைக்கும் முன் கண்ணாடியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அங்கே போய் இன்ஜினை அணைக்கவும் இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்குச் சர்ச் காம்பவுண்டுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. பித்தளைப் பட்டையின் நான்கு நட்டையும் கழட்டினேன். பேட்டரியிலிருந்து ஒரு வயர் எடுத்து, நடுவில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்து, மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தேன். பிளக் நல்லதாக இருந்தால் பல்பு எரியும். முதல் பிளக், எரியவில்லை. இரண்டாவது, எரியவில்லை. மூன்றாவது பளிச்சென்று எரிந்தது. நான்காவது எரியவில்லை. ஐந்து நிமிஷ வேலை. எரிந்த அந்த ஒன்றின் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதுவும் செத்திருந்தால் மீட்டர் வாயை மூடியிருக்கும், நானும் மூடியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து வண்டியை ஷீலாவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். கறுப்பு ரிப்பன் கட்டிய எபியின் போட்டோ சுவரில் இருந்தது. அதற்குக் கீழே ஷீலா வழக்கம்போல ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வருஷமாக அந்த நாற்காலி அவளுடையது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"மூணு போச்சும்மா" என்றேன்.

"நாலையும் மாத்திடுங்க. இன்ஜின் சூடா இருக்கும்போதே கழட்டணும். ஆறினப்புறம் திருகினா உள்ளேயே முறிஞ்சுக்கும்." ஓர் ஆளைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னாள். பிறகு வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது பிரிட்டோ ஓட்டின வண்டிதானே? நவம்பர்லயே வந்தான். இந்த செட்டை எடுத்து வைக்கச் சொன்னான். சங்கத்துல கேட்டுட்டு வரேன்னு போனான், வரவேயில்ல. ஊர்ல இல்லையா?"

அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து நான்கு சின்ன அட்டைப் பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ரப்பர் பேண்ட் போட்டு, மேலே பால்பாயின்ட் பேனாவில் "பிரிட்டோ, சர்ச் வண்டி" என்று எழுதியிருந்தது. எபியின் கையெழுத்தாம்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, ஸ்டாம்ப், இரண்டாவது வாக்கியம். நான் முடித்ததும், "என்கிட்ட எதுக்குண்ணா சொல்றீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

பிரிட்டோ காட்டாங்குளத்தூரில் காலேஜ் பஸ் ஓட்டுகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மின்சார ரயிலிலேயே போனேன். பஸ்கள் வரிசையாக நிற்கிற மைதானத்தில் அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நீல யூனிஃபார்ம். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்க சார்."

ஒன்பது வருஷமும் அண்ணா என்று கூப்பிட்டவன் இல்லை, என்னோடு பழகியது ஒரு வருஷம்தான். ஆனாலும் அந்த சார் சுருக்கென்று குத்தியது. நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். இணை மின்சுற்றில் தனித்தனியாக அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்கிற இடத்துக்கு வரும்போதே அவன் கையைக் காட்டினான்.

"மூணு பிளக் போயிருந்துச்சா?"

"ஆமா."

"எந்த எந்த பிளக்?"

"ஒண்ணு, ரெண்டு, நாலு."

தலையாட்டினான். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தான். "எனக்கு இங்க குறையில்ல சார். சம்பளமும் பரவால்ல, பசங்களும் மரியாதையா கீதுங்க. ஆனா ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போனா, வெளிய நிக்கிற பயலுங்க என்னை கெரசின்னு கூப்புடறானுங்க. என் சம்சாரம் கேட்டுகினு வரா. என் பொண்ணும் கேட்டுகினு வரா."

"மன்னிச்சுடு பிரிட்டோ. நான்தான் தப்புப் பண்ணேன்."

"இங்க யாரு கீறா, இத கேக்கறதுக்கு?" சுற்றிலும் காலி பஸ்களைக் காட்டினான். "எழுதித்தான குடுத்தீங்க? எழுதியே குடுங்க. எல்லாரும் கேக்கற மாரி படிக்கச் சொல்லுங்க." துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதி மூன்று பக்கம். புஷ்பம் வாங்கிப் படித்தாள்.

"இதுல ஓம் விதி இருக்கு, பட்டை இருக்கு, குளிர் இருக்கு. மன்னிப்பு எங்க?"

"கடைசிப் பத்தியில வருது."

"அதுலயும் 'நேர்ந்துவிட்ட பிழை'ன்னு இருக்கு. தானா நேர்ந்துச்சா?"

மறுபடி எழுதினேன். இரண்டு பக்கமானது. மறுபடியும் திருப்பிக் கொடுத்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற ஹெப்சி டீச்சரே இத்தனை சிவப்புக் கோடு போட்டிருக்க மாட்டாள். ஐந்தாவது தடவை எழுதியது நான்கு வரி: "ஓட்டுநர் பிரிட்டோ சொன்னபடி வண்டியின் ஹீட்டர் பிளக்குகளே பழுது. நான் சரியாகச் சோதிக்காமல் நல்லதென்று சொன்னேன். அவர் டீசலில் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்மேல் சந்தேகம் வரும்படி எழுதியது நான். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." எண்ணிப் பார்த்த புஷ்பம், "அஞ்சு வாக்கியம்" என்றாள். ஸ்டாம்ப் வைக்கவா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் அதை வேதசிரோமணி சாரிடம் கொடுத்தேன். மனதுக்குள் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார்.

"ஏசுபாதம், 'சந்தேகம் வரும்படி' வேண்டாமே. 'கவனக்குறைவால்'னு ஒரு வார்த்தை போட்டுட்டா மென்மையா இருக்கும். உங்க சர்வீஸுக்கும் ஒரு கௌரவம் இருக்கு."

அந்த வார்த்தையின் மேல் எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். கவனக்குறைவு என்பது எவ்வளவு அழகான சொல். யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்ளலாம். "இல்ல சார், இருக்கிறபடியே படிங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் படித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்புகளோடும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிரிட்டோ போகிற கத்தோலிக்கக் கோயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பி, அங்கேயும் வாசிக்கச் செய்தோம். இரண்டு இடத்திலும் நான் போய் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சபையில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் காலியானது. ஆலோசகர் பதவியை நானே விட்டேன். ஸ்டாம்பைப் பேரன் வாங்கிக்கொண்டு வீட்டுச் சுவர் முழுக்க என் பெயரை அடித்து வைத்திருக்கிறான்.

பிரிட்டோவைத் திரும்ப வரும்படி சங்கம் எழுதியது. வர முடியாது என்று பதில் வந்தது. வேறு டிரைவரும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். காலையில் சாவியைப் பாதி திருப்பி, டாஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைகிற வரைக்கும் பொறுத்து, மீதியைத் திருப்பினால் உடனே எடுத்துவிடுகிறது. வாக்கிங் போகிறவர்களுக்குத்தான் பொழுதுபோக்குப் போய்விட்டது.

போன மாதம் ஒரு நாள் ஊரப்பாக்கத்தில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது இடப்பக்கம் ஒரு காலேஜ் பஸ் வந்து நின்றது. மேலே பார்த்தால் பிரிட்டோ. நான் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொகை கருப்பா தள்ளுதுண்ணா" என்றான். "நாசிலைப் பாருங்க."

"எத்தனை நாசில் போயிருக்கும்?"

"கொறஞ்சது ரெண்டு இருக்கும்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பஸ் முன்னே போய்விட்டது. நான் சர்ச்சுக்குத் திரும்பாமல் நேராக ஷீலாவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற அந்த நாசில்களைக் கழட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவதும் மூன்றாவதும் போயிருந்தன.